சகதிக்கு ஏற்ற உடை

1

ஒன்பது நாளைக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை, மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கான உடை விற்கும் கடைக்குள் போய், என் மகளுக்கு ஒரு ‘வெட் சூட்’ வேண்டும் என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பெரியவர் மரியாதை மாறாமல், அது கடலில் முங்குகிறவர்கள் போடுவது, துறைமுகத்துப் பக்கம் வேறு கடை இருக்கிறது என்று வழி சொன்னார். நனையாமல் இருக்கப் போடும் உடைக்கு இங்கிலீஷில் வேறு பெயர். நான் கேட்டது நனைந்துகொண்டே இருக்கப் போடும் உடையை.

இந்த நாட்டுக்கு வந்து இந்த மாதத்தோடு பதின்மூன்று வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டர். பிரசவ வார்டில் எனக்கு இங்கிலீஷ் தவறுவதில்லை. கடைகளில்தான் தவறும். என் மகள் மெர்சி அதற்குள் நாலடி தள்ளிப் போய், கையுறைகள் மாட்டியிருந்த பக்கம் யாரோ தெரியாதவள் போல நின்றுகொண்டிருந்தாள்.

நாங்கள் இருப்பது வேல்ஸ் மலைப் பக்கம். இங்கே மழை பெய்வதைச் செய்தியாக யாரும் சொல்வதில்லை. மெர்சிக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத் தோழி ஒருத்தியின் அண்ணன் வழியாக ஒரு சங்கத்தைக் கண்டுபிடித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மலையடியில் ஒரு பண்ணை நிலத்தில் கூடி, ரோடு இல்லாத இடத்தில், அதாவது சேறு, பாறை, ஓடைத் தண்ணீர் இவற்றுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார்கள். ரோடு இருக்கிற நாட்டில் இருந்துகொண்டு ரோடு இல்லாத இடத்தைத் தேடிப் போகிறார்கள் என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. வண்டியைச் சங்கமே கொடுக்கும். உடையை நாம் வாங்க வேண்டும். மழைக்கும் தாங்க வேண்டும், விழுந்தாலும் தாங்க வேண்டும்.

2

சங்கத்தில் சேர ஒரு படிவம். இங்கே எதற்கும் படிவம் உண்டு. ரத்த வகை, ஒவ்வாமை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, அந்த ஆள் கிடைக்காவிட்டால் வேறு யாரை, அவரும் கிடைக்காவிட்டால் யாரை என்று நாலு பக்கம். மூன்றாவது ஆளுக்கு என்னால் யார் பெயரையும் எழுத முடியவில்லை. சங்கரன்கோவிலாக இருந்தால் தெருப் பெயரையே எழுதியிருப்பேன். கடைசிப் பக்கத்தில், பிள்ளை பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் தாய் தகப்பன் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று இருந்தது.

நான் போட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் தேவசகாயம் போடவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் இங்கே கவுன்சில் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். எதற்கும் மறுப்புச் சொல்லி நான் கேட்டதில்லை. “அடுத்த வாரம் பேசுவோம்” என்பார். ஆறு வாரமாக அடுத்த வாரம் பேசிக்கொண்டிருந்தோம்.

“அப்பா, நோ-ன்னு சொல்லுங்க, இல்லன்னா யெஸ்-னு சொல்லுங்க. ரெண்டும் இல்லாம இருக்காதீங்கோ” என்றாள் மெர்சி. அவளுக்குத் தமிழில் மரியாதை எங்கே வைப்பது என்று தெரியாது. அதனால் கோபம் வந்தால் வாக்கியத்தின் கடைசியில் கொஞ்சம் அதிகமாகவே வைத்துவிடுவாள்.

“பரிசீலனையில இருக்கு மக்கா” என்றார் அவர்.

அவள் கதவைச் சாத்திக்கொண்டு மாடிக்குப் போனாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு மாடிக்கே போயிற்று. இந்தப் பிள்ளைகள் நம் கையை விட்டுப் போவது ஒரேயடியாக நடப்பதில்லை. முதலில் ஜெபத்துக்குக் கீழே வர மாட்டார்கள். அப்புறம் சாப்பாட்டுக்கு வர மாட்டார்கள். அதற்கப்புறம், ஊரில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்கவே மாட்டார்கள். மெர்சி மூன்றாவது கட்டத்தில் இருந்தாள். கையெழுத்து வரும்போது வரட்டும், உடையையாவது பார்த்து வைப்போம் என்று நான்தான் அவளைக் கடைக்குக் கூட்டிப் போனேன்.

3

கடைக்காரர் மூன்று வகை எடுத்துப் போட்டார். ஒன்று மெழுகு ஏற்றிய பருத்தித் துணி. கனம். புதிதாக இருக்கும்போதே பழையதின் வாசனை. இரண்டாவது நைலான் துணியில் உள்பக்கம் பிளாஸ்டிக் பூசியது, கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே உடுப்பு. மூன்றாவது புதிதாக வந்திருக்கும் ஒரு துணி. வெளியே இருக்கும் தண்ணீரை உள்ளே விடாதாம், உள்ளே இருக்கும் வேர்வையை வெளியே விட்டுவிடுமாம். அவர் ஒரு தம்ளர் தண்ணீரை அந்தத் துணி மேல் ஊற்றிக் காட்டினார். தண்ணீர் உருண்டு ஓடியது. மெர்சி மயங்கிப் போனாள்.

தம்ளர் தண்ணீர் எனக்கு ஒரு அத்தாட்சியாகப் படவில்லை. கடை நடுவே காட்சிக்கு ஒரு வண்டி நின்றது. “போட்டுக்கிட்டு அதுல ஏறி உக்காரு” என்று மெர்சியிடம் சொன்னேன். உட்கார்ந்தாள். கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னேன். எழுந்து, முழங்காலை மடக்கி, கால்மிதியில் ஊன்றி நிற்கச் சொன்னேன். கை நீளும்போது மணிக்கட்டு வெளியே வருகிறதா என்று பார்த்தேன். வந்தால் தண்ணீர் முழங்கை வரை ஏறும். கழுத்துப் பட்டைக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தேன். ஜிப்புக்கு மேல் மடிப்பு இருக்கிறதா, அந்த மடிப்பு காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் திறக்காதா என்று பார்த்தேன். கடைசியாக உட்காரும் இடத்துத் தையலைப் புரட்டிப் பார்த்தேன். மழை முழுவதும் மடியில் வந்து தேங்கி அந்தத் தையல் வழியாகத்தான் உள்ளே இறங்கும். மேல்துணி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் அந்தத் தையலுக்கு மேல் பட்டை ஒட்டியிருக்காவிட்டால் காசு வீண்.

ஒரே உடுப்பாகத் தைத்ததை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மலைமேல் அவசரத்துக்கு ஒதுங்க வேண்டியிருந்தால் கழுத்திலிருந்து கழற்ற வேண்டும். அதை ஆண்கள் யோசித்துத் தைத்திருக்கிறார்கள்.

கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்கள் ஓட்டுவீர்களா, மேடம்?” என்றார்.

“ஓட்டிக்கொண்டிருந்தேன்” என்றேன். அந்த இங்கிலீஷ் தவறவில்லை.

மெர்சி வண்டிமேல் நின்றபடியே திரும்பினாள். “என்னது?”

“இறங்கு. வீட்ல போய்ச் சொல்லுதேன்.”

மூன்றாவது வகையில், ஒரு அளவு பெரியதாக, மேல் கீழ் தனித்தனியாக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தோம். உள்ளே முழங்காலுக்கும் முழங்கைக்கும் மெத்தை வைத்துக்கொள்ளப் பை இருந்தது. எனக்கு அந்த வசதி இருந்ததில்லை.

4

அன்று மத்தியானம் சமையலறையில் உட்கார்ந்து அவளுக்குச் சொன்னேன். பக்கத்து அறையில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நடுக்கதவு திறந்துதான் இருந்தது.

எழுபதுகளின் ஆரம்பம். சங்கரன்கோவிலில் சபைக்காரர்கள் நடத்திய ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. ஒரு டாக்டரம்மா, நான், இரண்டு ஆயா. எனக்கு இருபத்து நாலு வயது. கிராமங்களுக்குப் போய்ப் பிரசவம் பார்க்க வெளிநாட்டு நண்பர் ஒருவர் ஒரு மோட்டார் சைக்கிள் அனுப்பியிருந்தார். அதை ஓட்டக் கடையநல்லூர்க்காரர் காதர் பாய் இருந்தார். மருந்துப் பெட்டியோடு நான் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போவேன். காதர் பாய்க்குக் குவைத்தில் வேலை கிடைத்தது. போவதற்கு முன்னால் டாக்டரம்மா கேட்டுக்கொண்டபடி எனக்கு வண்டி ஓட்டப் பழக்கினார்.

“விழப் போறோம்னு தெரிஞ்சா வண்டிய விட்ருங்கம்மா. வண்டி எரும மாதிரி, அதுக்கு ஒண்ணும் ஆவாது” என்பதுதான் அவர் அடிக்கடி சொன்னது. போகும்போது தன் ரப்பர் மழைக்கோட்டையும், காற்றுக்குப் போடும் கண்ணாடியையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கோட்டு என் கணுக்கால் வரை வந்தது. அதைப் போட்டால் மழையில் நனைய மாட்டோம், வேர்வையில் நனைவோம். எதில் நனைவது என்பதுதான் நம் இஷ்டம்.

கோட்டுக்கு அடியில் வெள்ளைச் சேலை. சேலை கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்ட ஒரு வழிதான் உண்டு, தார்பாய்ச்சிக் கட்டிக்கொள்வது. வெயில் காலத்தில் சரியாக இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒருநாள் காலை முதல் பஸ்ஸில் சுப்பையா என்று ஒருவர் வந்து இறங்கினார். இளையரசனேந்தலுக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் ஒரு ஊர். பெண்டாட்டி சண்முகத்தாய்க்கு முந்தின நாள் மத்தியானத்திலிருந்து வலி. தலைப்பிரசவம். டாக்டரம்மா வேறொரு கேஸில் இருந்ததால் நான் புறப்பட்டேன். சுப்பையாவைப் பின்னால் ஏறிக்கொள்ளச் சொன்னேன். அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இல்ல தாயி, நான் பஸ்லயே வந்துருதேன்.”

குருவிகுளம் தாண்டும் வரை ரோடு. அப்புறம் கரிசல். காய்ந்த கரிசலில் சிமெண்டுத் தரை போல ஓட்டலாம். நனைந்தால் அது மண்ணே இல்லை. டயரில் அப்பி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இறுகி, சக்கரத்தைச் சுற்றவே விடாது. ஃபர்லாங்குக்கு ஒருதரம் இறங்கிக் குச்சியால் நோண்டி எடுக்க வேண்டும். மூன்றாவது தரம் இறங்கி ஏறியபோது, நனைந்து கனத்த சேலை கொசுவத்திலிருந்து நழுவியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. செயினும் பல்சக்கரமும் அதைப் பிடித்தன. வண்டி நின்றது, நான் நிற்கவில்லை.

வண்டியை விட்டுவிடத்தான் காதர் பாய் சொல்லியிருந்தார். வண்டி என்னை விட வேண்டுமே. சேலை முழுவதும் செயினுக்குள் சுருண்டு, நான் வண்டியோடு கட்டப்பட்டுக் கிடந்தேன். தொப்புள்கொடி வெட்டும் கத்தரியைப் பெட்டியிலிருந்து எடுத்து என் சேலையை வெட்டினேன். மூன்று கெஜம் போல செயினுக்குள் இருந்தது. சேறு, கிரீஸ், துணி எல்லாம் ஒன்றாகிவிட்டது. அதை நூல் நூலாக இழுத்து எடுத்தேன். ஒன்றரை மணி நேரம்.

நான் போய்ச் சேர்ந்தபோது, பஸ்ஸில் வந்து இறங்கி நடந்த சுப்பையா எனக்கு முன்னால் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

குழந்தை கால் முதலாக வந்து, தலை மாட்டிக்கொண்டிருந்தது. கொடியைத் தொட்டுப் பார்த்தேன். துடிப்பு இல்லை. அது நின்று அதிக நேரம் ஆகவில்லை என்று என் விரலுக்குத் தெரிந்தது. பெரிய உயிரைக் காப்பாற்ற முடிந்தது. சாயங்காலம் சண்முகத்தாய் கண்ணைத் திறந்து என்னைக் கேட்டாள்:

“நேரத்துக்கு வந்திருந்தா பொழைச்சிருக்குமா நர்ஸம்மா?”

நான், “சொல்ல முடியாது தாயி” என்றேன். சொல்ல முடியும். நான் சொல்லவில்லை.

தேநீர் ஆறிவிட்டது. பக்கத்து அறையில் பேப்பர் சத்தம் கேட்கவில்லை.

5

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக் கமிட்டிக்கு ஒரு மனு எழுதினேன். வண்டி ஓட்டுவதற்குக் காக்கிக் கால்சட்டை இரண்டு அனுமதிக்க வேண்டும். முதலில் நடந்ததை எல்லாம் எழுதியிருந்தேன். டாக்டரம்மா வாசித்துவிட்டு, சாவைக் காகிதத்தில் எழுதினால் விசாரணை வரும், வண்டியையே நிறுத்திவிடுவார்கள், அப்புறம் எந்த ஊருக்கும் போக முடியாது, அதை வெட்டு, நான் அவர்களிடம் வாயால் சொல்லிக்கொள்கிறேன் என்றார். அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. வெட்டினேன்.

கமிட்டியில் ஏழு பேர், ஏழும் ஆண்கள். ஒருவர் வேதத்திலிருந்து வசனம் எடுத்துக் காட்டினாராம். பத்து நாளில் பதில் வந்தது. “மனு பரிசீலிக்கப்பட்டது. செவிலியருக்குரிய கண்ணியமான உடை சேலையே எனத் தீர்மானிக்கப்பட்டது. சேலையைக் கவனமாகக் கட்டிக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகிறது.” கீழே கமிட்டிச் செக்ரட்டரியின் கையெழுத்து. எழுத்து முத்து முத்தாக இருந்தது. அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

“யாரு அந்த செக்ரட்டரி?” என்றாள் மெர்சி.

நான் நடுக்கதவைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். “ஓ மை காட்” என்றாள். எங்கள் வீட்டில் அந்த வார்த்தை கூடாது. அன்றைக்கு விட்டுவிட்டேன்.

நான் காக்கித் துணி எடுத்துக்கொண்டு டெய்லரிடம் போனேன். தம்பிக்கு என்றேன்.

“தம்பிய வரச் சொல்லுங்கம்மா, அளவு எடுக்கணும்லா.”

“அவன் மிலிட்டரியில இருக்கான் அண்ணாச்சி. என் உயரம்தான். அளவு எழுதிக் கொண்டாந்திருக்கேன்.”

அவர் சீட்டை வாங்கி இரண்டு தரம் பார்த்தார். “இந்த இடுப்ப வச்சிக்கிட்டா மிலிட்டரியில எடுத்தாங்க?” என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. தைத்துக் கொடுத்தார். முழங்காலில் உள்பக்கமாக நானே ஒரு பை தைத்து, ஆஸ்பத்திரிப் பஞ்சைச் சுருட்டி அடைத்துக்கொண்டேன். ஒரு தடவை விழுந்த முழங்காலுக்கு அது தெரியும்.

6

அடுத்த வருஷம் கார்த்திகையில் குருவிகுளம் போஸ்டாபீசிலிருந்து போன் வந்தது. சுப்பையா பேசினார். சண்முகத்தாய்க்கு மறுபடியும் வலி. ஒன்பதாம் மாதமே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடச் சொல்லியிருந்தேன். ஓடையில் தண்ணீர் போய், நாலு நாளாக அந்தப் பக்கம் பஸ் இல்லை. அவர் குருவிகுளம் வரை நடந்து வந்து போன் போட்டிருந்தார். திரும்பவும் நடந்துதான் போக வேண்டும்.

காக்கிக் கால்சட்டை, என் தம்பியின் பழைய சட்டை, ரப்பர் கோட்டு, தலையில் துண்டை இறுக்கிக் கட்டி அதற்குமேல் கண்ணாடி. முன்பக்க மட்கார்டைக் கழற்றி ஆஸ்பத்திரியிலேயே வைத்துவிட்டேன். அதனால் சேறு சக்கரத்தில் அடைக்கவில்லை, முகத்தில் அடித்தது. இரண்டு தரம் விழுந்தேன். இரண்டு தரமும் வண்டியை விட்டேன், வண்டியும் என்னை விட்டது. பஞ்சு வேலை செய்தது. ஓடையில் தண்ணீர் இடுப்பளவு. அந்தக் கரையில் நின்ற நாலு பேர் இறங்கி வந்து வண்டியைத் தள்ளிக் கரையேற்றினார்கள். “அண்ணாச்சி, பாத்துப் போங்க” என்று என்னை வழியனுப்பினார்கள்.

இந்தத் தடவை சுப்பையாவுக்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்தேன். அதனால் என்னை யாரென்று சொல்ல அங்கே ஆள் இல்லை. பெட்டியோடு வாசலில் ஏறினேன். சண்முகத்தாயின் மாமியார் கதவுக்குக் குறுக்கே கையை நீட்டினார்.

“யாருவே நீரு? இங்கன ஆம்பிளைக்கு என்ன சோலி?”

“நான் நர்ஸ். சங்கரன்கோவில்லருந்து வாரேன்.”

“நர்ஸுன்னா சேல கட்டிருக்கும். போரும்வே அங்கிட்டு.”

உள்ளே சண்முகத்தாய் அலறுவது கேட்டது. இன்னும் இரண்டு பெண்கள் வந்து மாமியாருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். கண்ணாடியைக் கழற்றினேன். முகத்தில் இருந்த சேற்றுக்கு அது ஒரு உதவியும் செய்யவில்லை. துண்டை அவிழ்க்கப் பார்த்தேன். நனைந்த முடிச்சு, அவிழவில்லை. அப்போதுதான் உள்ளேயிருந்து, வலிக்கு நடுவே, சண்முகத்தாயின் சத்தம் வந்தது.

“ஏ அத்த, அது நர்ஸம்மா குரலுலா. உள்ள விடுங்க!”

துண்டோடு சேர்த்து இழுத்ததில் கொண்டை அவிழ்ந்து தலைமுடி விழுந்தது. மாமியார் முடியைப் பார்த்தார், கால்சட்டையைப் பார்த்தார்.

“பொம்பளதானா?”

“பொம்பளதான்.”

“அப்பம் பூட்ஸக் கழத்திட்டு வா.”

இந்தத் தடவையும் கால்தான் முதலில் வந்தது. ஆனால் நான் அங்கே இருந்தேன். இடுப்பு வந்ததும் உடம்பை முன்கையில் தாங்கி, வாயில் விரல் கொடுத்துத் தலையைத் தாழ்த்தி எடுத்தேன். நாலைந்து நிமிஷ வேலை. ஆண் பிள்ளை. அழுதான். அவன் அழுத பிறகும் சண்முகத்தாய் என் கையை விடவில்லை. என் நனைந்த சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அவளும் அழுதாள். போன வருஷப் பிள்ளையைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை.

மாமியார் எனக்குத் தன் சேலை ஒன்றைக் கொடுத்துவிட்டு, என் கால்சட்டையைத் துவைத்து வாசல் கொடியில் காயப் போட்டார். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. குழந்தையைப் பார்க்க வந்தவர்களைவிட அதைப் பார்க்க வந்தவர்கள் அதிகம். ஒரு வாரத்தில் செய்தி சங்கரன்கோவிலுக்கு வந்து, கமிட்டிக்கும் போனது.

“அப்புறம்?” என்றாள் மெர்சி. “டிஸ்மிஸ் பண்ணாங்களா?”

இல்லை. கூட்ட நிரலில் ‘செவிலியர் எஸ்தரின் உடை’ என்று ஒரு பொருள் சேர்க்கப்பட்டது. செக்ரட்டரி அதைக் கடைசிப் பொருளாகப் போட்டார். அதற்கு முன்னால் கிணறு தூர்வாருவது, வெள்ளையடிப்பது, காவலாளியின் விடுமுறை எல்லாவற்றையும் விரிவாகப் பேச வைத்தார். அப்புறம் காப்பி வந்தது. ‘நேரமின்மையால் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது’ என்று எழுதினார். அடுத்த கூட்டத்திலும் அப்படியே. எட்டு மாதம். எட்டு மாதமும் நான் கால்சட்டை போட்டுக்கொண்டுதான் போய் வந்தேன்.

அதற்கப்புறம் போதகர் வழியாக அவர் வரன் வந்தது. சம்மதித்தேன். வேறு இரண்டு வரன்களும் இருந்தன. அவர்களும் கமிட்டிக்காரர்கள்தான். அவர்கள் எதையும் ஒத்திவைக்கிற ஆட்கள் இல்லை.

7

மெர்சி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போது அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் பேப்பர் இல்லை. கண்ணாடியைக் கழற்றியிருந்தார்.

“எந்தக் குழந்தை?” என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

“மனுவுல குழந்தைன்னு ஒண்ணும் இல்லையே, எஸ்தர். ‘மழைக்காலத்தில் சேலை வசதிக் குறைவாக இருப்பதால்.’ அவ்வளவுதான் இருந்திச்சு. ஆறு வரி. நான்தான் கூட்டத்துல வாசிச்சேன்.”

“டாக்டரம்மா வாயால சொல்லுதேன்னாங்களே.”

“டாக்டரம்மா அன்னைக்குக் கூட்டத்துக்கு வரல. ஏதோ கேஸுன்னு சொல்லி விட்டாங்க.”

கல்யாணமாகிப் பதினேழு வருஷம். இந்த மனுஷருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் இவரோடு குடித்தனம் செய்துவந்தேன். ஒரு பிள்ளை செத்துப்போனது தெரிந்தும், சேலையைக் கவனமாகக் கட்டிக்கொள் என்று எழுதினவர். அப்புறம் மனம் மாறி எட்டு மாதம் ஒத்திவைத்தவர். அப்படி நான் அவரைக் கணித்து, மன்னித்து, முடித்துவைத்திருந்தேன். மன்னித்ததை அவரிடம் சொன்னதும் இல்லை. அவர் செய்யாத ஒரு குற்றத்துக்கு நான் மன்னிப்புக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“எனக்குத் தெரியாது” என்றார் அவர், மறுபடியும். மெர்சியைப் பார்த்தும் சொன்னார். “எனக்குத் தெரியாது மக்கா.”

மெர்சி எழுந்து அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. தோட்டத்துக் கதவைத் திறந்துகொண்டு மழையில் வெளியே போய், குப்பைத் தொட்டியின் மூடியைச் சரிபார்த்துவிட்டு, வெகு நேரம் கழித்து உள்ளே வந்தார்.

மறுநாள் காலையில் சாப்பாட்டு மேசைமேல் படிவம் இருந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

8

நேற்று ஞாயிற்றுக்கிழமை. எடுத்து வைக்கச் சொன்ன உடையை வார நடுவில் போய் வாங்கி வந்திருந்தோம். ஆராதனைக்குப் போகாமல் மலையடிக்குப் போனோம். இதையும் ஊரில் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். மழை பக்கவாட்டில் அடித்தது. பண்ணை நிலத்தில் முப்பது பேர் போல வண்டிகளோடு நின்றார்கள். மெர்சியோடு சேர்த்துப் பெண்கள் மூன்று பேர். சட்டைக் கை மணிக்கட்டில் இறுகியிருக்கிறதா, மெத்தை முழங்காலுக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். அவள் தள்ளிப் போகவில்லை, நின்று காட்டினாள்.

“விழப் போறோம்னு தெரிஞ்சா என்ன செய்யணும்?”

“பைக்க விட்ரணும்” என்றாள். “தெரியும்மா.”

அவள் கிளம்பி ஓடையைத் தாண்டினாள். மேட்டில் ஏறும்போது பின்சக்கரம் வழுக்கி விழுந்தாள். வண்டி ஒருபக்கமும் அவள் ஒருபக்கமுமாகப் போனார்கள். இவர் ஓடினார். பதினேழு வருஷத்தில் நான் அவர் ஓடிப் பார்த்ததில்லை. ஆபீசுக்குப் போடும் ஷூவோடு சேற்றில் பத்தடி ஓடினார், ஒரு ஷூ அங்கேயே நின்றுவிட்டது. அதற்குள் அவள் எழுந்து, வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஏறி, மேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இவர் சேற்றில் கையை விட்டு ஷூவை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். குடை காற்றில் திரும்பிக்கொண்டதால் அதை மடக்கிவிட்டார். நல்ல உடையெல்லாம் மெர்சிக்கு வாங்கினோம், எங்களுக்கு வாங்கத் தோன்றவில்லை. இருவரும் நன்றாக நனைந்திருந்தோம்.

ஷூவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். “அந்தப் பிள்ளை ஆணா, பொண்ணா?”

“பொண்ணு.”

மேட்டுக்கு அந்தப் பக்கம் வண்டிச் சத்தம் ஏறுவதும் இறங்குவதுமாகக் கேட்டது.

“அன்னைக்கே உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, அப்படி எழுதியிருக்க மாட்டீங்கதானே?” என்றேன். மாட்டேன் என்று சொல்வார், அத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அவர் யோசித்தார். என் வீட்டுக்காரரிடம் கேள்வி கேட்டால் உண்மையாகவே யோசிப்பார், அதுதான் கஷ்டம்.

“எழுதியிருப்பேன். ஏழு பேரும் சொன்னத எழுதுறதுதான் செக்ரட்டரி வேல” என்றார். “ஆனா அந்தப் பிள்ளையப் பத்தியும் ஒரு வரி எழுதியிருப்பேன். எழுதி, சத்தமா வாசிச்சிட்டுத்தான் ஓட்டுக்கு விட்ருப்பேன். அப்புறம் எத்தனை பேரு கைய தூக்கியிருப்பாங்கன்னு பாத்திருக்கலாம்.”

ஷூவை அவர் கையிலிருந்து வாங்கி, உள்ளே இருந்த சேற்றைத் தட்டிவிட்டுக் கொடுத்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று மாட்டிக்கொண்டார். காருக்குள் போய் உட்காருங்கள் என்றேன்.

“இருக்கட்டும்” என்றார். “அவ இன்னொரு சுத்து வருவா.”